பிறை பார்த்துப் புறப்படுங்கள்: பாங் ஙா, கிராபி சுண்ணாம்புத் தீவுகளுக்கும் கடற்குகைகளுக்கும் நெல்லையிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

தாழையூத்தில் வெட்டியெடுத்துச் சிமெண்ட் ஆக்குகிறோமே, அந்தச் சுண்ணாம்புக்கல்லின் இனத்தைச் சேர்ந்த பாறைகள், தாய்லாந்தின் மேற்குக் கரையில் புக்கெட்டுக்கும் கிராபிக்கும் இடைப்பட்ட பாங் ஙா வளைகுடாவில் கடலுக்குள் செங்குத்தாக நிற்கின்றன. மழைநீரில் கலந்துள்ள மெல்லிய அமிலம் மேலிருந்தும், அலை கீழிருந்தும் கரைத்ததால் அவற்றின் உள்ளே குகைகள் விழுந்திருக்கின்றன. பாளையங்கோட்டையிலிருந்து உறவினரும் நண்பருமாகச் சிறு குழுக்களை நான்கு முறை அங்கே அழைத்துச் சென்றிருக்கிறேன். முதல் முறை ஏறத்தாழ எதையும் பார்க்காமல் திரும்பினோம். பயணச்சீட்டை முதலில் எடுத்துவிட்டு, கடல் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்பதைக் கடைசியில் பார்த்ததே அதற்குக் காரணம். பின்வரும் படிகளை இதே வரிசையில் செய்யுங்கள்.

1. முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள்

குற்றாலத்தில் சாரல் விழும் மாதங்களில் அந்தக் கடலுக்குப் போகக் கூடாது என்பதை நினைவில் வைத்தால் போதும். நமக்குச் சாரலைக் கொண்டுவரும் அதே தென்மேற்குக் காற்று, நம் மீனவர்கள் கச்சான் என்று சொல்வது, மே முதல் அக்டோபர் வரை அந்தமான் கடலைக் கலக்கிக்கொண்டிருக்கும். 2018 ஜூலை 5 அன்று புக்கெட் அருகே இப்படியொரு கொந்தளிப்பில் சுற்றுலாப் படகு ஒன்று கவிழ்ந்து 47 பேர் இறந்தனர். அந்தப் பருவத்தில் விடுதி வாடகை மலிவாக இருப்பதைக் கண்டு மயங்குவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் பிழை.

ஏற்ற காலம் நவம்பர் இறுதி முதல் ஏப்ரல் வரை. அவற்றுள் ஜனவரி, பிப்ரவரி, மார்ச் ஆகிய மூன்று மாதங்களே என் தேர்வு. நவம்பரும் டிசம்பரும் அங்கே தெளிந்திருந்தாலும் இங்கே வடகிழக்குப் பருவமழை உச்சத்தில் இருக்கும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் ஒன்று பயணிகளோடு நின்றுபோனதை நாம் மறந்திருக்க மாட்டோம். அந்த மாதங்களில்தான் போக முடியும் என்றால், சென்னைக்கு ஒரு நாள் முன்னதாகவே போய்ச் சேர்ந்துவிடுங்கள்.

2. அடுத்து, பஞ்சாங்கத்தில் திதியைப் பாருங்கள்

விமானத்துக்கும் விடுதிக்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலை இது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித் திருச்செந்தூரில் கடல் உள்வாங்கியது என்று செய்தி வருவதைப் பார்த்திருப்போம். சூரியனும் சந்திரனும் ஒரே கோட்டில் நின்று இழுப்பதால் அந்த நாட்களில் ஏற்றம் மிக உயரும், வற்றம் மிகத் தாழும். ஆனால் தூத்துக்குடிக் கரையில் அந்த நாட்களிலும் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். கிராபிப் பக்கம் அது இரண்டரை மீட்டரைத் தாண்டும். நம் கடலைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்தக் கணக்கு பிடிபடாது. எங்கள் குழுவில் வந்த சித்தி ஒருவர், கிராபியை அடுத்த ரைலே முனையின் கிழக்குக் கரையில் காலையில் தண்ணீர் நின்ற இடத்தில் பிற்பகலில் சேறும் அலையாத்தி வேர்களும் மட்டும் கிடப்பதைக் கண்டு, "கடலு எங்க போச்சு?" என்று கேட்டுவிட்டு நெடுநேரம் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

அஷ்டமி நாட்களில் சூரியனும் சந்திரனும் குறுக்காக இழுப்பதால் ஏற்றமும் வற்றமும் அடங்கியிருக்கும். கடல் சற்றுத் தாமதித்தே சந்திரனுக்குக் கீழ்ப்படிகிறது என்பதால், உண்மையான அடக்கம் நவமி, தசமியிலும், உண்மையான பெருக்கு பிரதமை, துவிதியையிலும் தெரியும். அஷ்டமி, நவமியில் நல்ல காரியம் எதையும் தொடங்க மாட்டோம் என்பது வீட்டு வழக்கம். கடற்குகைக்கோ அவற்றைவிட நல்ல நாள் கிடையாது. தண்ணீர் நடுத்தர மட்டத்தில் நெடுநேரம் நிற்கும், குகைவாயில் நீரோட்டத்தின் இழுப்பும் குறைவாக இருக்கும்.

எனவே என் திட்டம் எப்போதும் இதுதான்: வளர்பிறைச் சப்தமியன்று போய்ச் சேர்வது, நவமியும் தசமியும் கடற்குகைகள், அதன்பின் பௌர்ணமி வரை தரைக்குகைகளும் ஓய்வும், பௌர்ணமிக்கு மறுநாள் கடல் விலகித் தெரியும் மணல் திட்டு. மொத்தம் ஏறத்தாழ பத்து நாட்கள். அவ்வளவு விடுப்பு இல்லாதவர்கள் குகையா மணல் திட்டா என்று ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும். நான்கு நாட்களில் இரண்டையும் முடிக்க முயல்பவர்களுக்கு இரண்டுமே அரைகுறையாகத்தான் அமையும்.

3. ஓத அட்டவணையை வாசிக்கப் பழகுங்கள்

ஏற்றம், வற்றம் ஆகியவற்றின் நேரத்தையும் உயரத்தையும் சொல்லும் அட்டவணையைத் தாய்லாந்துக் கடற்படையின் நீர்நிலவரைவுத் துறை வெளியிடுகிறது. கைப்பேசிச் செயலிகளிலும் கிடைக்கும். எதைப் பயன்படுத்தினாலும் கடைசிவரை அதையே பயன்படுத்துங்கள். உயரத்தை எந்த மட்டத்திலிருந்து அளப்பது என்பது அட்டவணைக்கு அட்டவணை மாறும் என்பதால், இரண்டை ஒப்பிட்டால் குழப்பம்தான் மிஞ்சும்.

அங்கே ஒரு நாளில் இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம் ஆவதால், நாளுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். நேற்று பத்து மணிக்குக் குகை திறந்திருந்தது என்று ஒருவர் சொன்னால், நாளை மறுநாள் அதே பத்து மணிக்கு நீங்கள் போவதில் பொருளில்லை.

தண்ணீர் சீராக இறங்காது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். காலை 10 மணிக்கு ஏற்றம் 2.8 மீட்டர், மாலை 4 மணிக்கு வற்றம் 0.4 மீட்டர் என்று அட்டவணையில் இருப்பதாகக் கொள்வோம். மொத்த இறக்கமான 2.4 மீட்டரைப் பன்னிரண்டு பங்காக்கினால் ஒரு பங்கு 20 சென்டிமீட்டர். முதல் மணியில் ஒரு பங்கு, இரண்டாம் மணியில் இரண்டு, மூன்றிலும் நான்கிலும் மும்மூன்று, ஐந்தில் இரண்டு, ஆறில் ஒன்று எனத் தண்ணீர் இறங்கும். அதாவது 11 மணிக்கு 2.6, பகல் 12 மணிக்கு 2.2, 1 மணிக்கு 1.6, 2 மணிக்கு 1.0 மீட்டர். நண்பகலிலிருந்து இரண்டு மணிக்குள் மட்டும் 1.2 மீட்டர், சராசரி ஆளின் நெஞ்சளவுத் தண்ணீர், வெளியேறிவிடுகிறது. குகைவாய் திறப்பதும் மூடுவதும் பெரும்பாலும் இந்த இரண்டு மணி நேரத்துக்குள்தான் நடக்கும். இது தோராயக் கணக்கே என்றாலும், எந்த நேரத்தில் அங்கே இருக்க வேண்டும் என்று திட்டமிடுவதற்குப் போதுமானது.

இதில் நடக்கும் எளிய பிழை கடிகாரத்தைப் பற்றியது. தாய்லாந்து நேரம் நம் நேரத்தைவிட ஒன்றரை மணி முன்னால் ஓடுகிறது. ஊரில் இருந்தபடியே சில செயலிகளில் பார்க்கும்போது நம் நேரத்தில் காட்டிவிடும். அதை அப்படியே நோட்டில் குறித்துக்கொண்டு வந்த ஒருவரால் எங்களுக்கு ஒரு முற்பகல் வீணாயிற்று.

4. இரண்டு இடங்களில் தங்குங்கள்

கடற்குகைகளுக்குப் பாங் ஙா நகரத்துப் பக்கமும், மணல் திட்டுக்கும் ரைலேக்கும் கிராபியை அடுத்த ஆவ் நாங் கடற்கரையும் ஏற்றவை. புக்கெட்டிலேயே எல்லா நாளும் தங்கினால், போகவர நேரமாகும் என்பதோடு, குகைவாய் திறக்கும் வேளைக்கு அங்கே இருக்கவும் முடியாமல் போகும். பாங் ஙா நகரத்துக்கு அருகிலுள்ள தா தான் படகுத்துறையிலிருந்து, 400 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தேசியப் பூங்காவுக்குள் நேராகப் போய்விடலாம்.

பெயர்ப்பலகைகளைப் படிக்க ஐந்து சொற்கள் உதவும்: கோ என்றால் தீவு, தாம் என்றால் குகை, ஆவ் என்றால் வளைகுடா, ஹாட் என்றால் கடற்கரை, காவ் என்றால் மலை. ஹோங் என்பதற்கு அறை என்று பொருள். தீவின் நடுவிலிருந்த குகையின் கூரை இடிந்து விழ, சுற்றிலும் சுவரும் மேலே திறந்த வானமுமாக உள்ளே ஒரு குளம் நின்றுவிடுவதையே அப்படி அழைக்கிறார்கள். நம் ஊர் வீட்டு வானவெளி முற்றத்தை நூறு மடங்கு பெருக்கி, அதில் கடலை நிரப்பியது போன்ற இடம் அது.

5. ஊரிலிருந்து புறப்படும் முன்

கடவுச்சீட்டு குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும். விசா விதிகள் அடிக்கடி மாறுவதால், பயணச்சீட்டு எடுக்கும் அன்றே தூதரகத்தின் இணையதளத்தைப் பாருங்கள். 2025 மே முதல், போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் மின்னணு வருகை அட்டையை நிரப்ப வேண்டும். அரசுத் தளத்தில் அதற்குக் கட்டணம் கிடையாது. கட்டணம் கேட்டால் அது வேறு யாரோ நடத்தும் தளம்.

வாகைக்குளத்திலிருந்து விமானத்திலோ, நெல்லை எக்ஸ்பிரஸில் இரவு ஏறியோ சென்னைக்குப் போய், அங்கிருந்து தாய்லாந்துக்கு விமானம் ஏறலாம். பயணக் காப்பீடு எடுக்கும்போது படகுப் பயணமும் கயாக் என்ற சிறு துடுப்புப்படகும் அதில் அடங்குகின்றனவா என்று கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

6. படகை அமர்த்துங்கள்: தீவுக் கணக்கு வேண்டாம், நேரக் கணக்கு வேண்டும்

முதல் பயணத்தில் நாங்கள் ஏமாந்தது இங்கேதான். பெயர் வேண்டாம், ஒரு முகவர் அழகான படங்களைக் காட்டி ஒரே நாளில் ஏழு இடம் என்றார். கோ பனாக் தீவின் குகைவாயை நாங்கள் அடைந்தபோது தண்ணீர் கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. இரண்டு மணி நேரம் காத்திருந்தால் திறந்திருக்கும். ஆனால் அட்டவணையில் அடுத்த இடத்துக்கு நேரமாகிவிட்டது என்று படகைத் திருப்பிவிட்டார்கள். அன்றைக்கு நாங்கள் ஒழுங்காகப் பார்த்தது, கடலில் ஆணி அடித்தாற்போல் சுமார் 20 மீட்டர் உயரத்தில் நிற்கும் கோ தாப்பு என்ற பாறையைத்தான். அரிப்புக்கு அஞ்சிப் படகுகளை அதன் அருகே விடுவதில்லை என்பதால், அதையும் தூரத்திலிருந்தே பார்த்தோம்.

நான்கைந்து பேர் இருந்தால் நீள்வால் படகு ஒன்றைத் தனியாக அமர்த்துங்கள். பழைய வாகன எஞ்சினில் நீண்ட தண்டைப் பொருத்தி, அதன் நுனியில் விசிறி வைத்த மரப்படகு அது. தண்டை மேலே தூக்கிவிடலாம் என்பதால் ஆழமில்லாத இடத்திலும் போகும். பேசும்போது இந்த வரிசையில் கேளுங்கள்: எந்தக் குகை, அன்று அது எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை திறந்திருக்கும், அதற்கு எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும், திறக்காவிட்டால் காத்திருப்பாரா, உயிர்காப்பு உடை எத்தனை இருக்கிறது. வாடகையைக் கடைசியில் பேசுங்கள். இரண்டாம் கேள்விக்கு "எப்போதும் திறந்திருக்கும்" என்று பதில் வந்தால் வேறு படகைப் பாருங்கள். உங்கள் கணக்கும் அவர் சொல்லும் நேரமும் அரை மணி வேறுபட்டால் அவர் சொல்வதையே எடுத்துக்கொள்ளுங்கள். வளைகுடாவின் உள்மூலைகளில் கடல் ஏறும் நேரம், அட்டவணை குறிக்கும் துறைமுகத்தின் நேரத்தைவிடச் சற்று மாறும், அது அங்கே பிழைப்பவருக்குத்தான் தெரியும்.

பூங்காக் கட்டணம் வாடகையில் சேர்ந்ததா என்று கேளுங்கள். வெளிநாட்டவருக்குப் பாங் ஙாவில் 300 பாட், ஃபி ஃபி தீவுகளை உள்ளடக்கிய பூங்காவில் 400 பாட் வாங்கிவந்தார்கள். பணமாகக் கையில் இருக்கட்டும்.

7. பையில் வைக்க வேண்டியவை

கடினமான அடிப்பாகம் கொண்ட, காலோடு ஒட்டிக்கிடக்கும் ரப்பர் காலணிதான் முதல் தேவை. குகைவாயின் பாறை முழுவதும் சிப்பி ஓடு ஒட்டியிருக்கும், ஒவ்வொன்றும் சவரக்கத்தி. வார்ச்செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டு வராது. நெற்றியில் கட்டும் விளக்கு ஆளுக்கு ஒன்று வேண்டும். கைப்பேசி வெளிச்சத்தை நம்பினால் துடுப்புப் போடும் கை ஒன்று குறையும். தண்ணீர் புகாத பை, முழுக்கைச் சட்டை, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம், வாந்தி வருபவர்களுக்குப் படகில் ஏறுவதற்கு அரை மணி முன் போட மாத்திரை ஆகியவற்றோடு, வௌவால் உள்ள குகைகளுக்கு முகக்கவசமும் எடுத்துக்கொள்ளுங்கள். வௌவாலின் உலர்ந்த எச்சத் தூசியில் நுரையீரலைத் தாக்கும் பூஞ்சை இருக்கக்கூடும்.

மீன் சாப்பிடுபவர்களுக்குச் சாப்பாட்டில் குறை இராது. சைவர்கள் "ஜே" என்ற சொல்லைக் கற்றுக்கொண்டு போங்கள். காய்கறி என்று மட்டும் சொன்னால் மீன் சாறு ஊற்றித்தான் வரும். புளிச்சோறும் நார்த்தங்காயும் கட்டிக்கொண்டு போவோர் அவற்றைப் படகிலேயே வைத்துச் சாப்பிடுவது நல்லது, கரையில் குரங்குகள் பையோடு பறித்துக்கொண்டு போய்விடும். குரங்கு கடித்தாலோ பிராண்டினாலோ வெறிநோய்த் தடுப்பூசிக்காக அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டியிருக்கும்.

8. கடற்குகைக்குள் நுழையும் முறை

பெரிய படகு வெளியே நிற்க, கயாக்கில்தான் உள்ளே போக வேண்டும். புதியவர்கள் முதல் நாளில் தாமே துடுப்புப் போடாமல், அந்த ஊர்ப் படகோட்டி பின்னால் அமரும் கயாக்கில் போங்கள். தாமிரபரணியில் சிறுவயதிலிருந்து நீந்தியவர் என்பதால் உயிர்காப்பு உடை வேண்டாம் என்று சொன்ன ஒருவரை, அவர் மனம் வருந்தினாலும், நான் வெளியே நிறுத்திவைத்தேன். ஆற்றில் மேலே வந்தால் காற்று உண்டு. கூரை தாழ்ந்த குகையில் மேலே வந்தால் பாறைதான் தலையில் இடிக்கும்.

இறங்கும் தண்ணீரில் நுழைவதே புதியவர்களுக்குப் பாதுகாப்பு. அப்போது நேரம் ஆக ஆகக் கூரைக்கும் உங்களுக்கும் இடைவெளி கூடும். மிஞ்சிப்போனால் கயாக்கைச் சேற்றில் இழுத்துக்கொண்டு வெளியே வர நேரும். ஏறும் தண்ணீரில் நுழைந்து உள்ளே அழகில் மயங்கி நின்றுவிட்டால், வந்த வாய் மூடிக்கொள்ள, அது மறுபடி திறக்கும்வரை பல மணி நேரம் குளத்திலேயே இருக்க வேண்டியதாகும்.

வாயில் நெருங்கியதும் படகோட்டி படுக்கச் சொல்வார். தலையைப் பின்னால் சாய்த்து முழுவதும் மல்லாந்துவிடுங்கள். கைகளைக் கயாக்கின் விளிம்பில் வைக்காமல் மார்பின்மேல் வையுங்கள். கூரையைக் கையால் தள்ளி உதவலாம் என்று எல்லோருக்கும் தோன்றும். அப்படித் தள்ளிய கை சிப்பியில் கிழிந்து இரத்தத்தோடு வெளியே வருவதை மூன்று முறை பார்த்துவிட்டேன். கூரை மூக்குக்கு ஒரு சாண் மேலே நகரும். ஈரப் பாறையின் வாடையும், எங்கோ முன்னால் தண்ணீர் களக் களக் என்று பாறையில் மோதும் ஓசையும் மட்டும் இருக்கும். பிறகு இருட்டின் எதிர்முனையில் பச்சையாக ஓர் ஒளி தெரியும். எழுந்து உட்கார அவசரப்படாதீர்கள். அந்த ஒளி தெரிந்தபின்னும் கூரை ஒருமுறை தாழ்வது உண்டு.

உள்ளே குரலைத் தாழ்த்துங்கள். சுற்றுச்சுவர் சத்தத்தை வெளியே விடாது என்பதால் ஒருவர் கூவினால் எல்லோருக்கும் தொல்லை. தொங்கும் சுண்ணாம்பு விழுதுகளைத் தொடக் கூடாது. தோலின் எண்ணெய்ப்பசை படிந்த இடத்தில் சுண்ணாம்பு ஒழுங்காகப் படியாது. உழவாரக் குருவியின் உண்ணத்தக்க கூட்டுக்காகக் குத்தகைக்கு விடப்பட்ட குகைகளில் மூங்கில் சாரமும் காவலும் இருக்கும். அவற்றின் பக்கம் போகவே வேண்டாம்.

9. தரைக்குகைகள்

வயதானவர்களும் குழந்தைகளும் இருந்தால், கிராபி மாகாணத்து ஆவ் லூக் பகுதியில் போ தோ படகுத்துறையிலிருந்து போகும் தாம் லோட், தாம் பீ ஹுவா தோ ஆகிய இரண்டும் போதும். முதலாவதில் படகு மலைக்கு அடியிலேயே குகையை ஊடுருவிப் போகும். இரண்டாவதில் ஆதிமனிதர் வரைந்த ஓவியங்கள் சுவரில் இருக்கின்றன. ரைலேயில் பலகைப் பாதை போட்ட குகை ஒன்றும் உண்டு. அங்கேயே மலைக்கு நடுவிலுள்ள குளத்துக்குக் கயிற்றைப் பிடித்து இறங்கும் வழியில் செம்மண் வழுக்கும் என்பதால், முதல் நாள் மழை பெய்திருந்தால் அதைத் தவிர்த்துவிடுங்கள்.

மழை பெய்யும்போதோ, பெய்யப்போகும்போதோ தரைக்குகைக்குள் போகக் கூடாது. சுண்ணாம்பு மலையில் விழும் மழை பிளவுகள் வழியாக நேரே குகைக்குள் இறங்கும். 2018 ஜூன் 23 அன்று நாட்டின் வடகோடியில் சியாங் ராயில் உள்ள தாம் லுவாங் குகைக்குள் போன பன்னிரண்டு சிறுவர்களும் அவர்களின் பயிற்சியாளரும் இப்படித்தான் சிக்கினார்கள். கடைசி ஆள் வெளியே வர ஜூலை 10 ஆயிற்று. மீட்புப் பணியில் முன்னாள் கடற்படை வீரர் ஒருவர் உயிரிழந்தார்.

10. கடைசி நாள்: மணல் திட்டு

பௌர்ணமிக்கு மறுநாள், ஆவ் நாங்கிலிருந்து தாலே வேக் போக வேண்டும். கோ துப், கோ மோர், கோ கை என்ற மூன்று தீவுகளுக்கு இடையே, வற்றத்தின்போது மட்டும் வெண்மணல் பாதை எழுந்து நிற்கும். வற்ற நேரத்துக்கு ஒன்றரை மணி முன்பே போய் இறங்குங்கள். கணுக்காலளவு தண்ணீரில் நடக்கத் தொடங்கினால், பாதை இரு பக்கமிருந்தும் மெல்ல வெளிப்பட்டு நடுவில் சேர்வதைப் பார்க்கலாம். சரியாக வற்ற நேரத்துக்கு வருபவர்களுக்கு அது கிடைக்காது, கூட்டமும் அப்போதுதான் சேரும்.

வற்றத்துக்குப் பின் முக்கால் மணி நேரத்தில் அனைவரையும் உங்கள் படகு நிற்கும் தீவின் பக்கம் சேர்த்துவிடுங்கள். முதல் மணியில் ஒரு பங்கு, அடுத்ததில் இரண்டு, பிறகு மும்மூன்று என்ற பழைய கணக்கு இப்போது ஏறுமுகமாக நடக்கும். எதிர்த்தீவில் படம் எடுத்துக்கொண்டிருந்த எங்கள் இருவர், போகும்போது கால் நனையாமல் நடந்த இடத்தை, திரும்பும்போது கைப்பேசியைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் கடந்தார்கள். படகைத் திட்டின்மேலேயே ஏற்றி நிறுத்தாமல் சற்று ஆழத்தில் நங்கூரமிட்டுக் காத்திருக்கும்படி படகோட்டியிடம் முன்பே சொல்லிவையுங்கள். இறங்கும் தண்ணீரில் தரைதட்டிய படகு, கடல் மறுபடி ஏறி அதைத் தூக்கும்வரை நகராது, அதற்குள் இருட்டிவிடும்.